முஸ்னாவின் நாற்பது நாள் கட்டு

ஷோபக் மலைப்பக்கம் ஆட்டுக்குப் பிரசவம் சிக்கலானால் முதலில் அல்லாவைக் கூப்பிடுவார்கள், அடுத்து முஸ்னாவைக் கூப்பிடுவார்கள். சில வீடுகளில் இந்த வரிசை மாறிவிடும் என்று அவளுடைய அண்ணன் ஹாயில் கேலி செய்வான். சொன்ன வேகத்தில் பயந்துபோய் மன்னிப்பும் கேட்டுக்கொள்வான்.

அவளுக்குக் கை சிறியது. நாற்பத்து நாலு வயதிலும் ஒன்பது வயதுப் பிள்ளையின் கைதான். எண்ணெய் தடவி உள்ளே விட்டால் ஆட்டுக்கு வலிக்காது. தலை மடங்கிக் கிடக்கும் குட்டியை நேராக்குவாள், பின்னங்கால் முதலில் வந்தால் அப்படியே இழுத்துப் போடுவாள், இரண்டு குட்டிகளின் கால்கள் பின்னிக் கிடந்தால் எது யாருடைய கால் என்று கண்ணை மூடிக்கொண்டே பிரித்துவிடுவாள். ஊர் ஆட்டுக்கெல்லாம் பிள்ளை பார்ப்பவளுக்குத் தனக்கென்று ஒன்று வாய்க்கவில்லை. அந்தக் காரணத்தைச் சொல்லித்தான் கட்டியவன் ஆறாம் வருடம் அவளை அண்ணன் வீட்டில் கொண்டுவந்து விட்டான். யாராவது இதை ஆரம்பிப்பதற்குள் அவளே முந்திக்கொண்டு சொல்லிச் சிரித்துவிடுவாள். அதனால் யாரும் ஆரம்பிப்பதில்லை.

அண்ணன் வீட்டில் ரொட்டிக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு குவளை பால் வேண்டுமென்றால் அண்ணி ஷாஹாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சட்டியைத் தொட வேண்டும். ஷாஹா கெட்டவளும் இல்லை. இருந்தாலும் எங்கள் மலையில் சொந்தமாக ஓர் ஆடு இல்லாத பெண் எத்தனை வருடம் இருந்தாலும் விருந்தாளிதான். விருந்தாளிக்கு மூன்று நாள் மரியாதை. முஸ்னா பதினேழு வருடம் இருந்தாள்.

அதனால்தான் மஆன் பக்கத்து மந்தைக்காரர் ஒருவருக்கு ஐந்து வருடம் ஆடு மேய்த்தாள். கூலியாக அவள் கேட்டது பால் மறந்த ஒரு பெட்டைக் குட்டி. நம்ம கறுப்பாடு இல்லை, ஷாமி ஆடு. காது முழங்கால் வரை தொங்கும், மூக்கு வளைந்திருக்கும், பால் மூன்று ஆட்டுக்குச் சமம். கண்ணைச் சுற்றி மையிட்ட மாதிரி இருந்ததால் கஹ்லா என்று பெயர் வைத்தாள். ஆப்பிள் பறிப்பு முடிந்த வாரம் கஹ்லா கிடாயோடு சேர்ந்தது. அன்றிலிருந்து முஸ்னா சுவரில் கரிக்கோடு போட்டு வந்தாள். நூற்றைம்பதாவது கோட்டுக்குள் தன் பெயர் சொல்ல ஒரு பட்டி ஆரம்பமாகிவிடும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். கஹ்லாவும் வயிறு இரண்டு பக்கமும் மூட்டை கட்டித் தொங்கவிட்டது போல நடந்தது.

இந்த இடத்தில் நாற்பது நாள் கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மலையில் முஸ்னாவின் தாய் காலத்திலிருந்து இருக்கும் வழக்கம் அது. சினையாட்டுக்குக் கடைசி நாற்பது நாள் பார்லியைக் கண்ணில் காட்டக் கூடாது. வைக்கோல், மலைச் செடி, தண்ணீர், அவ்வளவுதான். தாய் தின்றால் குட்டி பெருக்கும், குட்டி பெருத்தால் வழியில் சிக்கும் என்பது கணக்கு. ஒற்றைக் குட்டி போடும் கறுப்பாட்டுக்கு அது ஒன்றும் செய்ததில்லை. பிரசவம் பார்க்கப் போகும் வீட்டிலெல்லாம் முஸ்னா இதை வற்புறுத்துவாள். மீறி யாராவது வைத்தால் வாயில் வந்தபடி திட்டுவாள். "முஸ்னா சொன்னபடி கேட்டா குட்டி வழுக்கிக்கிட்டு வரும்" என்று அவளுக்குப் பெயரும் இருந்தது. தன் ஆட்டுக்கு அவள் இன்னும் ஒரு படி மேலே போனாள். ஆட்டின் முன்னால் அண்ணி சிந்திய பார்லியைக்கூட விரலால் பொறுக்கி எடுத்தாள்.

நூற்று முப்பத்தொன்பதாவது கோட்டன்று கஹ்லா மந்தைக்குப் பின்னால் தங்கியது. முன்னங்கால் கணுவுக்கு மேலே லேசான வீக்கம். பாரம் தாங்கவில்லை, பாவம் என்று முஸ்னா நினைத்தாள். மறுநாள் வைக்கோலை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டாள். ஆட்டுக்கே புத்தி இருக்கிறது, குட்டியைச் சின்னதாக வைத்துக்கொள்கிறது என்று அண்ணியிடம் பெருமை பேசினாள். அந்தப் பெருமையை நினைத்துப் பின்னால் அவள் தலையில் அடித்துக்கொண்டது எங்களுக்கெல்லாம் தெரியும்.

நூற்று நாற்பத்திரண்டாம் நாள் காலை பனி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. கொட்டிலுக்குள் போனபோது கஹ்லா மூலையில் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றது. கூப்பிட்டால் காது அசையவில்லை. பல்லை நறநறவென்று கடித்தது. புழுக்கை சுருங்கி, சளி சுற்றிக் கிடந்தது. முஸ்னா முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோனாள். மூச்சில் ஆப்பிள் வாசனை, அழுகத் தொடங்கிய ஆப்பிள்.

"அண்ணி! கூடைய யாரு திறந்து போட்டது? ஆப்பிளத் தின்னுருக்கு பாரு!"

ஷாஹா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "ஆப்பிள் தீந்து ஒரு மாசம் ஆச்சு. கடைசி ஆப்பிளயும் உன் அண்ணன்தான் தின்னாரு. வேணும்னா அவரு வாய மோந்து பாரு."

முஸ்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கையைக் கழுவி, எண்ணெய் தடவி, உள்ளே விட்டுப் பார்த்தாள். வாசல் இறுக்கமாக மூடிக் கிடந்தது. பிரசவம் இல்லை. இத்தனை வருடத்தில் அவளைக் கூப்பிட்டதெல்லாம் பனிக்குடம் உடைந்த பிறகுதான். அதற்கு முன்னால் ஆடு எப்படிச் சாகும் என்று அவள் பார்த்ததே இல்லை.

ஹாயில் வந்து பார்த்துவிட்டு, "கண்ணுபட்டிருக்கு. இரும்பக் காய்ச்சி நெத்தியில ஒரு சூடு போட்டா எழுந்துக்கும்" என்றான்.

"முதல்ல டாக்டர்கிட்ட பேசறேன், அண்ணே. அதுவரைக்கும் அடுப்புகிட்ட போகாத."

ஊரில் இருக்கும் கால்நடை டாக்டர் மாஜித் இளவயதுக்காரர். நம் ஆட்டு வைத்தியத்தைக் கேட்டால் நெற்றியில் கை வைத்துக்கொள்வார். அதனால் முஸ்னாவுக்கு அவரைப் பிடிக்காது. அன்றைக்கு மூன்றாவது மணியில் எடுத்தார். மாதம் நிறைந்த ஷாமி ஆடு சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கிறது என்றாள்.

"அக்கா, ரோடு மூடிக் கிடக்கு. பனி தள்ற வண்டி நாளைக்கு மத்தியானம்தான் வருமாம். நீங்க சொல்லுங்க. கால் வீங்கிச்சா?"

"மூணு நாளா."

"பல்லக் கடிக்குதா? மூச்சுல பழ வாசனையா?"

"ஆமா டாக்டரே. பாத்த மாதிரி சொல்றீங்களே!"

"தினம் பார்லி எவ்வளவு வைக்கிறீங்க?"

"ஒண்ணும் இல்ல. கட்டுல இருக்குல்ல? நாப்பது நாள் கட்டாச்சே."

லைன் போய்விட்டது என்று நினைத்து அவள் போனை எடுத்துப் பார்த்தாள்.

"அக்கா," என்றார் டாக்டர், மெதுவாக. "அது வயித்துல ரெண்டோ மூணோ இருக்கு. கடைசி மாசந்தான் குட்டி வளர்ற மாசம். தாயோட சர்க்கரைய உறிஞ்சி எடுக்கும். வெளியிலேருந்து தீனி வரலன்னா தாய் தன் கொழுப்பக் கரைச்சுக் கொடுக்கும். அப்படிக் கரைஞ்சதுதான் இப்ப விஷமா ஏறியிருக்கு. நீங்க மோந்த வாசனை அதான். வயிறு முட்ட தூக்கிக்கிட்டு பட்டினி கிடந்திருக்கு, அக்கா."

"நான் நல்லதுக்குத்தானே..."

"தெரியும். அத அப்புறம் பேசலாம். வீட்டுல திராட்சைப் பாகு இருக்கா? சோடா உப்பு? கிளிசரின்?"

பாகு இருந்தது. சோடா உப்பும் இருந்தது. கிளிசரின் என்றதும் ஷாஹா ஒரு நொடி தயங்கினாள். பிறகு உள்ளே போய், கை வெடிப்புக்குப் பூசுவதற்கென்று துணிமூட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த புட்டியைக் கொண்டுவந்து முஸ்னாவின் மடியில் போட்டாள்.

"புதுசு. மூடிகூட தெறக்கல. ஆட்டுக்காவது உதவட்டும்."

வெந்நீரில் பாகைக் கரைத்தார்கள். தலையை ரொம்பத் தூக்கினால் நுரையீரலுக்குள் போய்விடும், கொஞ்சங் கொஞ்சமாகக் கடைவாயில் விட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முஸ்னா அப்படியே செய்தாள். ஒரு மிடறு, விழுங்கும்வரை காத்திருத்தல், அடுத்த மிடறு. கிளிசரினை அளந்து விட்டாள், சோடா உப்பைக் கரைத்து விட்டாள். படுக்கவிடாமல் ஹாயிலும் ஷாஹாவும் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து நின்றார்கள். புருஷனும் பெண்டாட்டியுமாக ஓர் ஆட்டை நடுவில் விட்டு நிற்பது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை என்று ஷாஹா சொன்னாள்.

நடுப்பகலில் கஹ்லா ஒரு வாய் வைக்கோல் தின்றது. இன்னொரு வாய். முஸ்னா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பார்லியை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்தாள். டாக்டர் போனில், "ஒரு பிடிக்கு மேல வைக்காதீங்க, பட்டினி வயிறு தாங்காது" என்றார். கஹ்லா அந்த ஒரு பிடியையும் தொடவில்லை. உதட்டில் ஒட்டிய நாலு மணிகளோடு அப்படியே நின்றது. ஒரு மாதமாக அவள் பொறுக்கி எடுத்த பார்லி.

பொழுது சாய ஆரம்பித்தபோது முன்னங்கால் மடிந்தது. பிறகு பக்கவாட்டில் விழுந்தது. தலை முதுகுப் பக்கமாக வளைந்துகொண்டது. நான்கு காலும் காற்றில் நீந்தின. முஸ்னா விலாவுக்குக் கீழே கையை வைத்தாள். உள்ளே ஏதோ உதைத்தது. தாய்க்குள் உயிர் வற்றிக்கொண்டிருக்க, உள்ளே இருப்பது ஒன்றும் தெரியாமல் உதைத்துக்கொண்டிருந்தது.

ஹாயில் வெளியே போய்க் கத்தியோடு வந்தான்.

"முஸ்னா, மூச்சு இருக்கறப்பவே அறுத்துடலாம். தானா செத்தா கறியும் ஹராம். ஒண்ணுமே மிஞ்சாது."

"உனக்குக் கறிதான் தெரியுதா?"

"எனக்கு உன் முகந்தான் தெரியுது. காலையிலேருந்து அதைப் பாத்துக்கிட்டுத்தான் நிக்கிறேன்."

அவள் மறுபடி டாக்டரைக் கூப்பிட்டாள். கிடாயோடு சேர்ந்து எத்தனை நாள் என்று கேட்டார். நூற்று நாற்பத்திரண்டு என்றாள். "குட்டிங்க பிழைக்கிற நாள்தான். தாய் பிழைக்காது, அக்கா. நான் அங்க இருந்தாலும் இப்ப கஷ்டந்தான். தானா சாக விட்டா குட்டியும் உள்ளேயே போயிடும்." முஸ்னா போனை ஷாஹாவிடம் கொடுத்துவிட்டாள்.

ஒரு நிமிடம் கஹ்லாவின் தலையை மடியில் வைத்திருந்தாள். ஐந்து வருடம் வெயிலிலும் பனியிலும் ஊரார் ஆட்டுக்குப் பின்னால் நடந்ததெல்லாம் இந்தத் தலைக்காகத்தான். பிறகு தலையைக் கீழே வைத்து, கழுத்தைத் தொழும் திசையான கிப்லா பக்கம் திருப்பினாள்.

"நீ அல்லா பேரால பிஸ்மி சொல்லி ஒரே இழுப்பா இழு, அண்ணே. உடனே நான் வயித்தத் திறப்பேன்."

"உயிர் அடங்கறதுக்கு முன்ன வேற கத்தி வைக்கக் கூடாதுடி. அது பாவம்."

"உள்ள இருக்கறது மூச்சு முட்டிச் சாகுமே, அது என்ன புண்ணியமா?"

ஹாயில் அறுத்தான். குனிந்து கஹ்லாவின் கண்ணை விரலால் தொட்டான். இமை அசையவில்லை. பின்னங்கால் மட்டும் இன்னும் உதறிக்கொண்டிருந்தது. அவன் அந்தக் காலைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான்.

"அடங்கிருச்சு," என்றான். "திற."

முதல் குட்டி கிடாய். ஏற்கெனவே செத்திருந்தது. இரண்டாவதும் கிடாய். வாயிலிருந்த சளியை வழித்து, மூக்கில் ஊதி, வைக்கோலால் தேய்த்தாள். இரண்டு தடவை வாயைத் திறந்து மூடியது, பிறகு நின்றுவிட்டது. மூன்றாவது அடியில் சுருண்டு கிடந்தது. இரண்டு கைக்குள் அடங்கும் அளவு, எலும்பும் ஈரமுமாக ஒரு பெட்டை. பின்னங்காலைப் பிடித்து ஊஞ்சல் மாதிரி ஆட்டினாள். மறுபடியும் ஆட்டினாள். குட்டி தும்மியது.

ஷாஹா தன் தோள் துணியை உருவி அடுப்பு மேல் ஒரு காட்டுக் காட்டி அதில் சுற்றினாள். "பால்," என்றாள். "சீம்பால் இல்லாம இது ராத்திரியத் தாண்டாது. நவ்ஃபா வீட்டு ஆடு நேத்துதான் குட்டி போட்டுச்சு."

நவ்ஃபா என்ற பெயரைக் கேட்டதும் முஸ்னா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

போன வருடம் நவ்ஃபாவின் ஷாமி ஆடு செத்துப்போனது. கடைசி மாதத்தில், கால் வீங்கி, சுவரில் தலையை முட்டிக்கொண்டு. குளிர் என்றார்கள், கண்திருஷ்டி என்றார்கள். அந்த ஆட்டைக் கட்டுக்குள் வைக்கச் சொன்னது முஸ்னாதான். அதற்கு முன் வருடம் மேட்டு வீட்டில் இரண்டு. அதற்கும் முன்னால் ஒன்று. ஷாமி ஆடு இந்த மலைக்கு வந்த எட்டு வருடத்தில் எத்தனை என்று எண்ண ஆரம்பித்து ஏழில் நிறுத்திக்கொண்டாள். வேலியே பயிரை மேய்ந்த கதை.

குட்டியை உடைக்குள் நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு பனியில் நடந்தாள். பால் வாங்கும்வரை வாயைத் திறக்க வேண்டாம் என்று பாதி வழி வரை நினைத்தாள். நவ்ஃபா கோபத்தில் கதவைச் சாத்திவிட்டால் குட்டி போய்விடும். குட்டி போனால் அவளுக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. அல்லாவே, முதலில் பால், பிறகு சொல்கிறேன் என்று பேரம் பேசிக்கொண்டே போனாள்.

நவ்ஃபா ஒன்றும் கேட்கவில்லை. ரத்தம் படிந்த கையைப் பார்த்தாள், உடைக்குள் துடிப்பதைப் பார்த்தாள், கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குள் போய் ஆட்டின் பக்கத்தில் குந்தினாள். மஞ்சளாய், தேன் மாதிரி கெட்டியாய்ச் சீம்பால் இறங்கியது.

"என்ன ஆச்சுடி?"

முஸ்னாவால் பேரத்தில் நிற்க முடியவில்லை. "கட்டுதான் கொன்னுச்சு, அக்கா. பட்டினி. டாக்டர் சொன்னாரு. உன் ஆட்டையும் நான்தான் கொன்னேன், போன வருஷம். கடைசி மாசம் தீனி கூடக் கொடுக்கணுமாம். நான் எல்லாத்தையும் பிடுங்க வச்சேன்."

நவ்ஃபாவின் கை மடியிலேயே நின்றது. பால் சத்தம் நின்றது.

"போன வருஷம்," என்றாள், ஆட்டைப் பார்த்துக்கொண்டே, "அது கத்தறது பொறுக்காம உனக்குத் தெரியாம ரெண்டு தடவ ஒரு பிடி பார்லி வச்சேன். ரெண்டே தடவ. நான் கட்ட மீறினதாலதான் செத்துதுன்னு ஒரு வருஷமா என்னையே சபிச்சுக்கிட்டிருக்கேன், முஸ்னா. தொழுகையில கூட மன்னிப்புக் கேட்டேன். உன்கிட்டயும் கேக்கணும்னு நெனச்சேன்."

முஸ்னா சுவரைப் பிடித்துக்கொண்டாள். திட்டினால் தாங்கியிருப்பாள். அடித்தாலும் நின்றிருப்பாள்.

நவ்ஃபா மறுபடி கறக்க ஆரம்பித்தாள். கிண்ணம் நிறையும்வரை கறந்தாள். துணித் திரியை நனைத்துக் குட்டியின் வாயில் வைத்தாள். முதலில் வழிந்தது. நாலாவது தடவை குட்டி உறிஞ்சியது.

"இது இங்கயே இருக்கட்டும், என் ஆட்டுகிட்ட விட்டுப் பழக்கறேன். குட்டி உன்னோடதுதான், எனக்கு வேணாம்." எழுந்து, தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "இப்ப எத்தன வீட்டுல ஆடு கட்டுல இருக்கு?"

"ஒம்பது."

"வா. ஒவ்வொரு வீட்டுலயும் நீயே சொல்லணும். போன வருஷத்தையும் சேத்துச் சொல்லணும். நான் பக்கத்துல நிப்பேன்."

"நாளைக்குப் போலாமே, அக்கா. பொழுது சாஞ்சாச்சு."

"அதுங்க இன்னிக்கும் பட்டினிதான் கிடக்கு."

மிச்சமிருந்த வெளிச்சத்திலேயே இருவரும் கிளம்பினார்கள். எங்கள் வீடு மூன்றாவது. முஸ்னா வாசலில் நின்று, எல்லாவற்றையும் ஒரே குரலில், கண்ணைத் தாழ்த்தாமல் சொன்னாள். உங்கள் ஆட்டின் மூச்சை மோந்து பாருங்கள், காலைத் தடவிப் பாருங்கள், இன்றைக்கே ஒரு பிடி, நாளைக்கு இரண்டு பிடி என்றாள். பிறகு, முன்னால் செத்தது என்னால்தான் என்றாள். என் மனைவி டீ குடிக்கச் சொன்னாள். முஸ்னா குடிக்கவில்லை, நேரமில்லை என்றாள். மேட்டு வீட்டில் இரண்டு ஆடு இழந்தவர்கள் பாதியிலேயே கதவை அவள் முகத்தில் சாத்தினார்கள். அவள் நகரவில்லை. மீதியையும் மூடிய கதவைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.